ஜி கோட் தெரியாத சி.என்.சி. ஆபரேட்டர்

மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு பக்கம் டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்த பையன்களிடம் "என்னப்பா வேலை?" என்று கேட்டால், "சி.என்.சி. ஆபரேட்டர்" என்ற பதில் அடிக்கடி வரும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், புதுச்சேரி என்று வேலை செய்யும் இடம் மட்டும் மாறும். சரி, "ஜி00-க்கும் ஜி01-க்கும் என்ன வித்தியாசம்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் புரோகிராமர் பாத்துக்குவாருண்ணா. நமக்கு ஜாப்பை மாட்டணும், பச்சை பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான்" என்பார்கள்.

இந்தப் பதிலில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதம்தான் தப்பு. சி.என்.சி. இயந்திரத்தின் அடிப்படைக் கட்டளைகள் இருபது, இருபத்தைந்துதான். அவற்றைத் தமிழில், காரணத்தோடு, காகிதத்தில் வரைந்து விளக்கினால் பத்தாம் வகுப்பு படித்த எவருக்கும் புரியும். அப்படிச் சொல்லாமல் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதால்தான் படித்த பிள்ளைகளும் பச்சைப் பொத்தானோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில், இது என்ன மொழி?

1940களின் கடைசியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கை செய்யும் வேலையில் இருந்தார். வளைவான வடிவத்தைக் கையால் துல்லியமாக வெட்டுவது பெரும்பாடு. வளைவை எண்களாக மாற்றி, அந்த எண்களை வைத்தே இயந்திரத்தை நகர்த்தினால் என்ன என்று யோசித்தார். அந்த யோசனை எம்.ஐ.டி. நிறுவனத்துக்குப் போய், 1952-இல் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரமாக எல்லோருக்கும் காட்டப்பட்டது. ஓட்டை போட்ட நாடாதான் அன்றைக்குப் புரோகிராம். ஓர் எழுத்து, அதை ஒட்டி ஓர் எண் என்ற இன்றைய வடிவம் அந்த நாடாக் காலத்துச் சொத்து. பிறகு அமெரிக்காவில் ஆர்.எஸ். 274 என்றும், உலக அளவில் 1982-இல் ஐ.எஸ்.ஓ. 6983 என்றும் தரப்படுத்தினார்கள்.

ஆக, கோயம்புத்தூரில் எல்.எம்.டபிள்யூ. செய்த இயந்திரமானாலும் சரி, பெங்களூரில் ஏஸ் டிசைனர்ஸ் செய்ததானாலும் சரி, உள்ளே ஃபானுக் கன்ட்ரோல் இருந்தாலும் சீமென்ஸ் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. ஒன்றை நன்றாகக் கற்றவனுக்கு மற்றது ஒரு வாரப் பழக்கம்.

ஜி என்று தொடங்குபவை ஆயத்தக் கட்டளைகள். எப்படி நகர வேண்டும், எந்த அளவுமுறையில் நகர வேண்டும் என்று இயந்திரத்தைத் தயார் செய்பவை. எம் என்று தொடங்குபவை துணைக் கட்டளைகள். சக்கைச் சுற்று, நிறுத்து, கூலன்ட்டைத் திற, மூடு என்று சுவிட்சு போடுகிற வேலைகள். எக்ஸ், இசட் என்பவை எங்கே போக வேண்டும் என்பதையும், எஃப் என்பது எவ்வளவு மெதுவாக வெட்ட வேண்டும் என்பதையும், எஸ் என்பது சுழலும் வேகத்தையும், டி என்பது எந்த டூல் என்பதையும் சொல்கின்றன. பரீட்சையில் "பிரிபரேட்டரி ஃபங்ஷன்" என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிவிடுகிறோம். எதைத் தயார் செய்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம்!

ஒரு சின்ன புரோகிராம்

பேசிக்கொண்டே போவதை விட ஒன்றை எழுதிப் பார்த்துவிடலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்பு உருளை. அதன் முனையில் 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டத்தை 46 ஆகக் குறைக்க வேண்டும். ஃபானுக் கன்ட்ரோல் உள்ள லேத் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஓ0001
ஜி21 ஜி40 ஜி99
ஜி28 யு0 டபிள்யு0
டி0101
ஜி50 எஸ்2000
ஜி96 எஸ்150 எம்03
ஜி00 எக்ஸ்46.0 இசட்2.0 எம்08
ஜி01 இசட்-30.0 எஃப்0.2
ஜி01 எக்ஸ்52.0
ஜி00 இசட்2.0 எம்09
ஜி28 யு0 டபிள்யு0
எம்05
எம்30

அவ்வளவுதான், பதின்மூன்று வரி. இனி ஒவ்வொன்றாகப் படிப்போம்.

ஓ0001 என்பது புரோகிராமின் பெயர். ஜி21 என்றால் அளவெல்லாம் மில்லிமீட்டரில் (ஜி20 என்றால் அங்குலம்). ஜி40 என்றால் டூல் முனையின் உருண்டைக்கான திருத்தம் இப்போது வேண்டாம். ஜி99 என்றால் எஃப் எண்ணை 'ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிமீட்டர்' என்று எடுத்துக்கொள். ஜி28 என்றால் டூல் தன் வீட்டுக்கு, அதாவது இயந்திரத்தின் நிலையான தொடக்கப் புள்ளிக்குப் போ. டி0101 என்றால் முதல் டூலை எடு, அதற்கென்று பதிந்து வைத்திருக்கும் முதல் ஆஃப்செட்டையும் எடு.

அடுத்த இரண்டு வரிகளில் நிறைய விஷயம் இருக்கிறது. ஜி96 எஸ்150 என்றால் 150 சுற்று இல்லை. உருளையின் மேற்பரப்பு டூலைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 150 மீட்டராக எப்போதும் இருக்க வேண்டும் என்று அர்த்தம். ராட்டினத்தில் ஓரத்துக் குதிரையில் உட்கார்ந்தவன் வேகமாகப் போவான், நடுவில் நிற்பவன் மெதுவாகப் போவான் இல்லையா? அதே கதைதான். விட்டம் சிறிதாக ஆக, அதே மேற்பரப்பு வேகத்துக்கு உருளை இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டத்தில் நிமிடத்துக்கு சுமார் 955 சுற்று. 10 மில்லிமீட்டரில் சுமார் 4,775. டூல் மையத்தை நெருங்கினால்? கணக்குப்படி எல்லையே இல்லை. சக் பிடியை விட்டுவிடும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் முந்தின வரியில் ஜி50 எஸ்2000, 'என்ன ஆனாலும் 2,000 சுற்றைத் தாண்டாதே' என்று கடிவாளம் போடுகிறோம். இந்த ஒரு காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் ஜி50-ஐ ஒருவன் வாழ்நாளில் மறப்பானா?

எம்03 சக்கைச் சுற்றுகிறது. ஜி00 டூலை அதிவேகமாக வேலைக்கு அருகில் கொண்டுபோகிறது. லேத்தில் எக்ஸ் என்பது விட்டம். இசட் சுழி என்பது உருளையின் முகப்பு. இசட்2.0 என்றால் முகப்புக்கு 2 மில்லிமீட்டர் வெளியே, இசட்-30.0 என்றால் 30 மில்லிமீட்டர் உள்ளே. எம்08 கூலன்ட்டைத் திறக்கிறது. பிறகு ஜி01, சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போகிறது. அந்த 32 மில்லிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 9 விநாடி ஆகும். அடுத்த வரியில் மேலே ஏறுகிறது, அதற்கடுத்ததில் ஜி00 வேகத்தில் திரும்பி வருகிறது. எம்09 கூலன்ட்டை மூட, எம்05 சக்கை நிறுத்த, எம்30 புரோகிராமை முடித்து முதல் வரிக்குத் திரும்புகிறது.

இவற்றோடு வளைவு வெட்ட ஜி02, ஜி03, கொஞ்சம் காத்திருக்க ஜி04, வேலையின் சுழிப் புள்ளியை மாற்ற ஜி54 முதல் ஜி59 வரை, துணைப் புரோகிராமை அழைக்க எம்98, எம்99 ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

ஒரு எழுத்து விட்டுப்போனால்

மேலே உள்ள எட்டாவது வரியில் ஜி01 என்பதை எழுத மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இசட்-30.0 எஃப்0.2 என்று மட்டும் இருக்கிறது. இயந்திரம் என்ன செய்யும்? "கட்டளை இல்லையே" என்று நிற்காது. இந்தக் கட்டளைகளில் பலவும் ஒருமுறை சொன்னால், அதே வகையில் வேறொன்று சொல்லும் வரை அமலில் இருப்பவை. முந்தின வரியில் ஜி00 இருந்தது. எனவே அதிவேகத்திலேயே உள்ளே பாயும். சிறிய லேத்களில்கூட இந்த வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் அளவுக்கு இருக்கும். 9 விநாடியில் போக வேண்டிய தூரத்தை ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் போகும். இன்செர்ட் சிதறும், ஜாப் சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், டர்ரெட் நேர்மை கெடும்.

புள்ளி விஷயமும் அப்படியே. பல ஃபானுக் இயந்திரங்களில் எக்ஸ்46.0 என்பதற்குப் பதில் புள்ளி இல்லாமல் எக்ஸ்46 என்று அடித்தால், அதை 46 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும்படி அமைப்பு இருக்கும். அதாவது டூல் கிட்டத்தட்ட மையத்துக்கே ஜி00-இல் போகப் பார்க்கும். ஒரு புள்ளிக்கு இத்தனை வலிமை!

"எழுதுவது புரோகிராமர்தானே, ஆபரேட்டருக்கு எதற்கு?" என்று கேட்கலாம். பொத்தானை அழுத்துகிற விரல் ஆபரேட்டருடையது. திட்டு வாங்குவதும் அவன்தான். என்னோடு படித்த ஒருவன் ஒரு தனியார் பட்டறையில் சேர்ந்தான். ஜாப் 46.00 வர வேண்டிய இடத்தில் 45.92 வந்தது. ஆஃப்செட்டில் 0.08-ஐக் கூட்டியிருக்க வேண்டும், கழித்துவிட்டான். அடுத்த ஜாப் 45.84. இரண்டும் குப்பைக்குப் போயின. அளவு பெரிதாக வந்திருந்தால் இன்னொரு முறை வெட்டிச் சரிசெய்யலாம், சிறிதாகிவிட்டால் இரும்பை ஒட்டவா முடியும்? அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கூட்டினால் டூல் எந்தப் பக்கம் நகரும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. "இங்கே நம்பரைப் போடு" என்று மட்டும் காட்டியிருந்தார்கள்.

உப்பளத்தில் தெரிந்த விஷயம்தான்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உப்பு எடுப்பதும் வரிசை தவறாத வேலைதானே! கடல் நீர் ஏறக்குறைய 3 டிகிரி போமே அடர்த்தியில் வருகிறது. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய வைக்கிறோம். போகிற வழியில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. 25 டிகிரி வந்ததும் உப்புப் பாத்திக்குத் திறந்துவிடுகிறோம். அங்கே உப்பு பூக்கிறது. 29, 30 டிகிரி ஆவதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். ஒரு படியை முன்னே பின்னே மாற்ற முடியாது. ஒரு பாத்திக்குச் சொன்னது அடுத்தது சொல்லும் வரை அமலில் இருக்கும்.

உப்பளத்தில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. எந்த நேரத்தில் எந்தப் பாத்தியைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர். வாரிய உப்பைத் தலையில் சுமந்து வரப்பில் ஏறி இறங்குகிறவர் இன்னொருவர். இருவரும் ஒரே வெயிலில்தான் நிற்கிறார்கள். ஆனால் முதல் ஆளை மாற்றுவது கஷ்டம், இரண்டாவது ஆளை நாளைக்கே மாற்றிவிடலாம். அந்த இரண்டாவது வரிசையிலிருந்து நம் பிள்ளைகள் வெளியே வர வேண்டும் என்றுதானே கடன் வாங்கிப் பாலிடெக்னிக்கில் சேர்க்கிறார்கள்? தொழிற்சாலைக்குப் போயும் ஜாப்பை மாட்டிக் கழற்றுகிற ஆளாகவே இருந்தால், தலைச்சுமை இரும்பாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஜாப் மாட்டுவதற்கு இன்று ரோபோ கை வந்துவிட்டது. மாட்ட மட்டும் தெரிந்தவனின் ஒப்பந்தம் முடிந்தால் அவனை யார் தேடப் போகிறார்கள்? கோட் படித்துத் தவறைக் கண்டுபிடிக்கிறவன் செட்டர் ஆவான், பிறகு புரோகிராமர் ஆவான். சம்பளமும் மரியாதையும் மாறுவது அந்த இடத்தில்தான்.

எதிர்வாதங்கள்

"இப்போதுதான் கேம் மென்பொருள் இருக்கிறதே, படம் வரைந்தால் அதுவே புரோகிராம் எழுதித்தருமே" என்பார்கள். உண்மைதான். சிக்கலான அச்சு வேலைகளைக் கையால் எழுதுவது இயலாத காரியம். ஆனால் அந்த மென்பொருள் கடைசியில் கக்குவதும் இதே ஜி, எம் வரிகளைத்தான். இயந்திரத்துக்கு முன்னால் நின்று "இந்த வரியில் டூல் சக்கில் இடிக்கும்" என்று சொல்ல ஒரு மனிதன் தேவை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இன்று அதுவும் ஜி கோட் எழுதித்தருகிறது. சரியாகவும் எழுதும், தப்பாகவும் எழுதும். படிக்கத் தெரியாதவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுதுவது எளிதாக ஆக, படித்துச் சரிபார்ப்பதன் தேவை கூடத்தான் செய்கிறது.

"கோட் எல்லாம் ஆங்கில எழுத்து, அலாரம் வந்தாலும் ஆங்கிலம், தமிழில் கற்று என்ன பயன்?" என்பது இன்னொரு கேள்வி. கோடைத் தமிழாக்கச் சொல்லவில்லை. ஜி ஜியாகவே இருக்கட்டும், எம் எம்மாகவே இருக்கட்டும். ஜப்பான்காரன் ஜப்பானிய மொழியில் விளக்கம் படித்துவிட்டு, ஜெர்மன்காரன் ஜெர்மனில் படித்துவிட்டு இதே ஜி01-ஐ அடிக்கிறான். விளக்கம்தான் தாய்மொழியில் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் மெக்கானிக்கல், சிவில் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. பட்டப்படிப்பு அளவில் இந்த விவாதம் நடக்கட்டும். கடைசல் பட்டறை அளவில் விவாதமே தேவையில்லை. அங்கே வாத்தியாரும் பையனும் பேசிக்கொள்வது தமிழில்தான், பாடநோட்டு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

"இயந்திரம் லட்சக்கணக்கில் விலை, எல்லோருக்கும் எப்படிக் கொடுப்பது?" என்ற கேள்வி நியாயமானது. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தை எடுத்து, 2023-இல் முதல் மையங்களைத் திறந்தது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் ஒரு புது இயந்திரத்தைச் சுற்றி இருபது பேர் நின்று வேடிக்கை பார்த்தால், அது திருவிழாத் தேர் மாதிரிதான். வடம் பிடிப்பவர் சிலர், கும்பிடுபவர் பலர்.

என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது இவைதான்.

1. இயந்திரத்துக்கு முன்னால் கட்டம் போட்ட காகிதமும் பென்சிலும். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் டூல் எங்கே போகிறது என்று மாணவனே வரைய வேண்டும். ஜி00-ஐப் புள்ளிக்கோடாகவும் ஜி01-ஐ அழுத்தமான கோடாகவும் வரைந்தால், புள்ளிக்கோடு இரும்புக்குள் நுழைகிற இடம் கண்ணிலேயே பட்டுவிடும்.

2. "ஐந்து ஜி கோட்களை எழுதுக" என்ற கேள்வியை ஒழித்துவிட்டு, தவறு உள்ள ஒரு புரோகிராமைக் கொடுத்து "எங்கே இடிக்கும், ஏன்?" என்று கேட்க வேண்டும். இதற்கு மனப்பாடம் உதவாது.

3. முதல் ஓட்டத்தை ஒவ்வொரு வரியாக, வேகத்தைக் குறைத்து, ஜாப் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். நேரம் வீண் என்று அவசரப்படுத்துகிற இடங்களில்தான் டர்ரெட் உடைகிறது.

4. ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு பக்கத் தமிழ் அட்டை. அடிக்கடி வரும் கட்டளைகள், அடிக்கடி வரும் அலாரங்கள், ஆஃப்செட்டில் கூட்டினால் என்ன ஆகும், கழித்தால் என்ன ஆகும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, ஒரு வாத்தியாரின் ஒரு வாரம் போதும்.

5. லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இயந்திரம் எதுவும் இணைக்காமலே கணினித் திரையில் டூலை ஓட்டிப் பார்க்கலாம். சில கட்டளைகள் ஃபானுக்கிலிருந்து வேறுபடும் என்றாலும் அடிப்படை பழக இது போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் அளங்களில் மழைநீர் நிற்கும். உப்பு கிடையாது, கூலி கிடையாது. 2022-இல் அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. நல்லது, கொடுக்கட்டும். அதே மாதங்களில் மாலை நேரத்தில் ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையைத் திறந்துவிட்டு, நாலு பழைய கணினியும் ஒரு கட்டு வரைபடத்தாளும் வைத்து, ஏற்கெனவே ஒரகடத்தில் செட்டராக இருக்கும் நம்மூர் அண்ணன்கள் விடுமுறைக்கு வரும்போது பாடம் எடுத்தால் என்ன? உப்புக்கு டிகிரி பார்க்கத் தெரிந்த அப்பாவின் பிள்ளைக்கு இசட்-30.0 என்ன பெரிய விஷயமா? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், நம் மொழியில் சொல்ல மனசு வேண்டும்.

இதை வாசிக்கிற செட்டர், புரோகிராமர் அண்ணன்கள் யாராவது இருந்தால், அந்த ஒரு பக்கத் தமிழ் அட்டையை முதலில் எழுதிக் கொடுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.